சிறுகுறிஞ்சான் தொட்டியும் என் மாத்திரைப் பெட்டியும்

எங்கள் வீட்டு வாசலில் நான்கு தொட்டிகள் இருக்கின்றன. சிங்கப்பூர் தோ பாயோவில் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக், நீளமான பொது நடைபாதை. ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதால் சுவரோரமாக வரிசையாக வைத்திருக்கிறேன். முதல் தொட்டியில் கறிவேப்பிலை. அடுத்ததில் சிறுகுறிஞ்சான், ஜன்னல் கம்பியில் சுற்றி ஏறியிருக்கிறது. மூன்றாவது பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாயில் அத்தை, பெரியம்மா மாதிரி) கொடுத்த இன்சுலின் செடி. நான்காவது பாகல், பூக்கிற அளவுக்குக் காய்ப்பதில்லை.

எனக்கு வயது 58. 2014ஆம் ஆண்டிலிருந்து நீரிழிவு. வீட்டுக்கு வருகிறவர்கள் இந்தத் தொட்டிகளைப் பார்த்ததும், "ஓ, இதைச் சாப்பிட்டுத்தான் சுகரைக் கட்டுப்பாட்டில் வச்சிருக்கீங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால், அப்புறம் எதற்கு வளர்க்கிறாய் என்ற கேள்வி வரும். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவர் காலத்து ஆட்கள் நீரிழிவு என்று சொல்ல மாட்டார்கள், "இனிப்பு நீர்" என்பார்கள். மலாய்க்காரர்கள் "கென்சிங் மானிஸ்" என்பதும் அதே பொருள்தான், சீனத்திலும் சர்க்கரைச் சிறுநீர் என்றுதான் பெயர். எல்லா மொழிக்காரர்களும் ஒரே இடத்தில்தான் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் போலும். அப்பாவுக்கு 1993இல் தெரிய வந்தது. மூன்று ஆண்டுகள் ஒழுங்காக மாத்திரை போட்டார். 1996இல் ஊருக்குப் போயிருந்தபோது ஒருவர் அவரை ஒரு வைத்தியரிடம் கூட்டிப் போனார். கரிய லேகியம் ஒரு டப்பா, பச்சைப் பொடி ஒரு பொட்டலம். கூடவே ஒரு நிபந்தனை: "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தினால்தான் இது வேலை செய்யும்."

அப்பா நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. மாத்திரைகளை வாங்கி வந்து அலமாரியில் அடுக்கி வைத்தார், அவ்வளவுதான். அவருக்கு உடம்பு நன்றாக இருப்பதாகவே தோன்றியது. சர்க்கரை மெல்ல ஏறும்போது வலி எதுவும் இருக்காது. கொஞ்சம் தாகம், இரவில் இரண்டு முறை கூடுதலாக எழுந்திருப்பது, அதற்கும் வயதுதான் காரணம் என்று நினைத்துக்கொள்ளலாம். 2001இல் கால் வீங்கி மருத்துவமனைக்குப் போனபோது சிறுநீரகம் பெரும்பகுதி போயிருந்தது. நான்கு ஆண்டுகள் வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. பழுப்பு நிற நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு படுத்திருப்பார். அங்கேயும் யாரோ நட்சத்திரப் பழச் சாறு நல்லது என்று சொல்ல, அதை வாங்கி வந்துவிட்டார். தாதி பதறிப்போய்ப் பிடுங்கி எறிந்தார். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்தப் பழத்திலுள்ள நச்சு மூளையைத் தாக்கி விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோய்விடும், உயிரும் போகலாம். அன்றைக்குத்தான் எனக்கு இது தெரியும்.

அப்பா 2005இல் போய்ச் சேர்ந்தார். மூலிகை சாப்பிட்டதால் போனார் என்று நான் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்திய அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் ஒரு முறைகூட ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவில்லை. அந்த லேகியம் வேலை செய்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு விரல் நுனி ரத்தம் போதுமாயிருந்தது. அதைச் செய்யாதே என்று தடுத்தது அந்த நிபந்தனைதான்.

எனக்கு வந்தபோது நான் ஆச்சரியப்படவில்லை. 2010இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் சிங்கப்பூர்ப் பெரியவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் பார்த்தால் 17.2 விழுக்காடு. 2016இல் அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிரான போர் என்று அறிவித்தபோது, எங்கள் குடும்பத்தில் ஆறு பேர் ஏற்கெனவே மாத்திரையில் இருந்தோம்.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) முதலில் மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். மூன்று ஆண்டு கழித்துக் கிளிப்பிசைட் சேர்ந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கிறது. தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அபூர்வம். கிளிப்பிசைட் அப்படியில்லை. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். உங்கள் மாத்திரை இந்த இரண்டு வகையில் எது என்று தெரியாமல் எந்த மூலிகையையும் தொடாதீர்கள். மருந்தாளரிடம், "இந்த மாத்திரை தனியாகவே சுகரைத் தாழ்த்துமா?" என்று கேட்டால் போதும், சொல்லிவிடுவார்கள்.

ஆரம்பத்தில் ஒரு மருத்துவரிடம் வெந்தயம் பற்றிக் கேட்டேன். எந்த மருந்தகம் என்பது இங்கே வேண்டாம். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அதெல்லாம் விடுங்க" என்றார். சொன்னது இரண்டு சொல்தான். ஆனால் அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் நான் எந்த மருத்துவரிடமும் எதையும் சொல்லவில்லை. "வேறு ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பேன். அப்பாவைப் போல நானும் மறைத்தேன் என்பது பின்னால்தான் உறைத்தது.

2019ஆம் ஆண்டு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வேண்டிக்கொண்டிருந்தேன். விரதம், ஒரு வேளைச் சாப்பாடு. அதே சமயம் ஒரு தோழி ஊரிலிருந்து சிறுகுறிஞ்சான் பொடி கொண்டுவந்து கொடுத்தார். காலையில் வெந்நீரில் ஒரு கரண்டி. மாத்திரையை அப்பா மாதிரி நிறுத்திவிடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன், அதனால் கிளிப்பிசைட்டையும் வழக்கம்போலப் போட்டேன். சாப்பாடு பாதி, மாத்திரை முழுசு, அதன் மேல் பொடி.

ஒன்பதாம் நாள் காலை தேக்கா சந்தைக்குப் போயிருந்தேன். வாழை இலை விலை கேட்டுக்கொண்டிருந்தபோது கடைக்காரர் சொன்ன எண் காதில் விழுந்தது, ஆனால் அது எவ்வளவு என்று புரியவில்லை. இரண்டு வெள்ளி அதிகமா குறைவா என்று தெரியவில்லை. கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்த வியர்வை. கை நடுங்கி, சில்லறை கீழே சிதறியது. குனிந்து பொறுக்கினால் விழுந்துவிடுவேன் என்று தோன்றியது. அந்தக் கடைக்காரர் என்னைப் பிடித்து உணவங்காடிப் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். "அக்கா, இனிப்பு நீர் இருக்கா?" என்றார். தலையாட்டினேன். அவர் பக்கத்துக் கரும்புச்சாறு கடைக்கு ஓடினார்.

ஐந்து ஆண்டுகளாக நான் கரும்புச்சாறு குடித்ததில்லை. அரை கிளாஸ் உள்ளே போன பிறகு பையிலிருந்த சோதனைக் கருவியில் விரலைக் குத்திப் பார்த்தேன். 3.1. கால் மணி நேரம் கழித்து 4.9. (இங்கே மில்லிமோல் கணக்கு. ஊரில் மில்லிகிராம் கணக்கில் பார்க்கிறவர்கள் 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 3.1 என்பது 56 சொச்சம். 4க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை.) அப்புறம் ஒரு இட்லி வாங்கிச் சாப்பிட்டேன். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: உடனே கரையும் இனிப்பு 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி குளுகோஸ் அல்லது அரை கிளாஸ் பழச்சாறு, 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதனை, இன்னும் 4க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை, ஏறிய பிறகு கொஞ்சம் சோறோ ரொட்டியோ. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்சுக்கு (இங்கே 995) அழைக்க வேண்டும்.

அந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்குப் போனேன், பொடிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு. அங்கே மருந்தாளர் ஒரு தமிழ்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. பொட்டலத்தை மோந்து பார்த்தார், சிரித்தார், "எங்க பாட்டியும் இதுதான்" என்றார். திட்டுவார் என்று நினைத்துப் போனவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: விரதம், பொடி, அப்பா, லேகியம்.

அவர் கேட்டார்: "ஆன்ட்டி, உங்க மெட்ஃபார்மின் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா?"

தெரியாது. ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி, ஊதாப் பூ பூக்கும். நம் ஊர் ஆவாரை மாதிரி அங்கே கிராமத்து மருந்து. ஆனால் மேய்ந்த ஆடுகளைக் கொல்லும் அளவுக்கு நச்சும் உள்ளது. அதிலுள்ள கலேகின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைக்கிறது என்று கண்டுபிடித்து 1920களில் மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள், நச்சுத்தன்மையால் கைவிட்டார்கள். அதே வேதியியல் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மினை 1922இல் டப்ளினில் வெர்னர், பெல் என்ற இருவர் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள். அது நீரிழிவு மருந்தாக நோயாளிகளுக்குப் பயன்பட்டதை பிரான்ஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் 1957இல் வெளியிட்டார். அமெரிக்கா அனுமதித்தது 1994இல்தான்.

இன்னொன்றும் சொன்னார். இப்போது பலருக்கும் எழுதித்தரும் புது மாத்திரைகள் இருக்கின்றனவே, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை, டாபகிளிஃப்ளோசின், எம்பகிளிஃப்ளோசின் என்று. அவற்றின் மூலம் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டை. 1835இல் அதிலிருந்து ஃபுளோரிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் சிறுநீரில் சர்க்கரை போகிறது என்று 1886இல் ஃபான் மேரிங் கண்டார். ஆனால் ஃபுளோரிசினை அப்படியே சாப்பிட்டால் குடலிலேயே உடைந்துவிடும், வயிற்றுப்போக்கும் வரும். அதை மாற்றி மாற்றி மாத்திரையாக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இதைக் கேட்டுக்கொண்டு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் வைத்தியர் "இங்கிலீஷ் மருந்து" என்று ஒதுக்கச் சொன்னது ஒரு செடியின் பேரப்பிள்ளையை. எனக்கு அதுவரை மூலிகை ஒரு கட்சி, மாத்திரை ஒரு கட்சி. அன்றோடு அந்த எண்ணம் போயிற்று. செடியில் மருந்து உண்டு. உண்டு என்பதால்தான் அதை அளக்க வேண்டும், மாத்திரையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சிறுகுறிஞ்சானுக்கே வருகிறேன். இதை "சர்க்கரைக்கொல்லி" என்றும் சொல்வார்கள். ஒரு பச்சை இலையை வாயில் போட்டு மென்று, நாக்கு முழுவதும் படும்படி ஒரு நிமிடம் வைத்திருங்கள். லேசான கசப்பு, கொஞ்சம் புல் வாசனை. துப்பிவிட்டு ஒரு சிட்டிகைச் சீனியை நாக்கில் போட்டால் மணலைப் போட்ட மாதிரி இருக்கும். நறநறவென்று கரையும், இனிப்பே தெரியாது. லட்டு மாவு உருண்டையாகிவிடும். உப்பும் புளிப்பும் வழக்கம்போலவே தெரியும். அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைச் சற்று நேரம் அடைத்துவிடுவதுதான் காரணம். அரை மணி, சிலருக்கு ஒரு மணி நேரம் இருக்கும். என் பேத்திக்கு இதுதான் மிகப் பெரிய மந்திரம்.

இதைப் பற்றிச் சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேருக்கு, வழக்கமான மாத்திரைகளோடு, இலையின் சத்தைப் பிரித்தெடுத்து நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது. பலருக்கு மாத்திரை அளவைக் குறைக்க முடிந்தது, ஐந்து பேருக்கு மாத்திரையே தேவைப்படவில்லை. நம் ஊர் இலை, நம் ஊர் ஆய்வுக்கூடம், படித்தபோது பெருமையாக இருந்தது. ஆனால் 22 பேர்தான். போலி மாத்திரை கொடுத்து யாருக்கு எது என்று தெரியாமல் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அன்று. அந்த மாதிரிப் பெரிய ஆய்வு வந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். கவனிக்க வேண்டியது இன்னொன்று: அவர்கள் மாத்திரையை முதல் நாளே நிறுத்தவில்லை. சேர்த்துக் கொடுத்து, அளந்து அளந்து, சர்க்கரை இறங்கிய பிறகு குறைத்தார்கள். அப்பாவுக்குச் சொன்னதற்கு நேர் எதிர். நான் விரதத்தில் செய்ததும் இது இல்லை, நான் அளக்கவும் இல்லை குறைக்கவும் இல்லை.

அந்த 400 மில்லிகிராம் என்பது ஒரு கரண்டிப் பொடி இல்லை என்பதையும் மருந்தாளர்தான் விளக்கினார். இலை வேறு, பொடி வேறு, கஷாயம் வேறு, எக்ஸ்ட்ராக்ட் என்று விற்கும் சத்து வேறு. இலையில் சரக்கு எவ்வளவு இருக்கும் என்பது மண், மழை, பறித்த பருவம், காயவைத்த விதம் எல்லாவற்றையும் பொறுத்தது. பொடியில் காம்பும் தண்டும் கலந்திருக்கலாம். சத்து என்பது கிலோக் கணக்கான இலையை நீரிலோ சாராயத்திலோ ஊறவைத்து வடித்து வற்றவைத்தது, சிறு குப்பியில் நிறைய வீரியம். பாட்டி காலமெல்லாம் சாப்பிட்டது என்று சொல்கிறோமே, பாட்டி சாப்பிட்டது துவையல். குப்பியில் வருவது பாட்டி பார்த்திராத அளவு. சிறுகுறிஞ்சான் பானம் குடித்த ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக மருத்துவ இதழில் பதிவும் உண்டு. அபூர்வம்தான், ஆனாலும் கல்லீரல் சோதனை செய்யும்போது நான் இப்போது இதைச் சொல்லிவிடுகிறேன்.

மற்றச் செடிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாகற்காயில் சரக்கு இருக்கிறது. தாய்லாந்தில் 2011இல் வந்த ஆய்வில் நாளுக்கு 2,000 மில்லிகிராம் உலர்ந்த பாகல் கொடுத்தபோது சர்க்கரை ஓரளவு இறங்கியது, ஆனால் 1,000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் அளவுக்கு இறங்கவில்லை. நாவல் இலைத் தேநீரை பிரேசிலில் மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. இலங்கையில் கோத்தல ஹிம்புட்டு மரக் குவளையில் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிப்பார்கள், நம் பொன்கொரண்டியின் உறவு. அது மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக உடைவதைத் தாமதப்படுத்துகிறது. அதிலிருந்து சலாசினால் என்ற பொருளை ஜப்பானியர்கள் 1997இல் பிரித்தெடுத்தார்கள். ஆவாரம்பூவைப் பற்றி "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சொலவடையே இருக்கிறது. நான் தேநீராகக் குடிக்கிறேன், பால் சீனி போட்ட தேநீருக்குப் பதிலாக அது உள்ளே போவதே எனக்கு லாபம். மாக்சிக் கொடுத்த இன்சுலின் செடியில் இன்சுலின் கிடையாது. இன்சுலின் ஒரு புரதம், வாய்வழி போனால் வயிறு அதைச் செரித்துவிடும். அதனால்தான் 1922இல் டொரொண்டோவில் முதல் நோயாளிக்குக் கொடுத்தது முதல் இன்றுவரை ஊசியாகப் போடுகிறார்கள். யாராவது இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு அந்த இலையை மென்றால், உடம்பே இன்சுலின் சுரக்காத முதல் வகை நீரிழிவுக்காரராக இருந்தால், சில நாளில் உயிருக்கே ஆபத்து. பெயரை நம்பி ஏமாறக் கூடாது.

வெந்தயம் கொஞ்சம் வித்தியாசம். அது முக்கியமாக நார்ச்சத்தால் வேலை செய்கிறது. ஊறவைத்தால் கொழகொழவென்று வருகிறதே, அதுதான் உணவோடு சேர்ந்து சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதை மெதுவாக்குகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 1990 ஆய்வில் கொடுத்தது நாளுக்கு 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி, மதியம் பாதி இரவு பாதி. நாம் காலையில் விழுங்கும் ஒரு தேக்கரண்டி 5 கிராம்கூட வராது. அப்படியானால் வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஆய்வின் பலனை இந்தக் கரண்டியில் எதிர்பார்க்கக் கூடாது. அந்தக் கொழகொழப்பு மாத்திரை உறிஞ்சப்படுவதையும் தாமதப்படுத்தலாம் என்று சொல்லி, இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொன்னார் மருந்தாளர். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் வெந்தயத்தை மருந்தளவில் எடுக்கும் முன் கேட்டே ஆக வேண்டும்.

எனக்குப் பயம் தருவது செடிகளைவிட, செடி என்று பெயர் போட்டுக்கொண்டு வரும் குப்பிகள்தான். சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதத்தில் நீரிழிவே இல்லாத 150 பேர் கடுமையான தாழ்சர்க்கரையோடு பொது மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஏழு பேர் நீண்ட மயக்கத்தில் கிடந்தார்கள், அவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சாப்பிட்டது ஆண்மைக்கு என்று திருட்டுத்தனமாக விற்ற மாத்திரைகள், சிலவற்றில் மூலிகை என்றே எழுதியிருந்தது. உள்ளே கிளிபென்கிளமைட் இருந்தது, அதாவது என் கிளிப்பிசைட்டின் அண்ணன், சில மாத்திரைகளில் 100 மில்லிகிராம் வரை. சர்க்கரைக்கு என்று விற்கும் "நூறு சதவீத இயற்கை" குப்பிகளிலும் இதே மாதிரி மாத்திரைத் தூள் கலந்து பிடிபடுகிறது. சாப்பிட்ட மூன்றாம் நாளே சர்க்கரை மடமடவென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். செடி அவ்வளவு வேகமாக வேலை செய்யாது.

இங்கே இந்திய, மலாய்ப் பாரம்பரிய மருந்துகளைக் கடைக்குக் கொண்டுவர முன்அனுமதி தேவையில்லை. ஆனால் ஆங்கில மருந்து கலக்கக் கூடாது என்றும், ஈயம், பாதரசம், ஆர்சனிக் இந்த அளவுக்கு மேல் கூடாது என்றும் சுகாதார அறிவியல் ஆணையம் விதி வைத்திருக்கிறது. நீரிழிவைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யவும் சட்டம் இடம் தருவதில்லை. எனவே, "30 நாளில் சர்க்கரைக்கு விடை" என்று கைபேசியில் வந்தால் அந்த விற்பனையாளர் முதல் வாக்கியத்திலேயே சட்டத்தை மீறிவிட்டார் என்று பொருள். ஊரிலிருந்து பெட்டியில் வரும் பெயரில்லாத பொட்டலங்கள், செந்தூரம், பற்பம் இவற்றை நான் தொடுவதே இல்லை. அன்பாகக் கொடுப்பவரிடம் மறுக்கச் சங்கடமாக இருக்கும். வாங்கிக்கொண்டு, மருந்தாளரிடம் காட்டுகிறேன் என்று சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அந்தத் தேக்கா காலைக்குப் பிறகு நான் செய்த ஒரு காரியம் எனக்கு எல்லா மருந்தையும்விட உதவியது. ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று முடிவு. விரதத்தில் நான் உணவு, நடை, பொடி மூன்றையும் ஒன்றாக மாற்றியிருந்தேன். அதனால் அந்த 3.1க்கு எது காரணம் என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இப்போது இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், அதே இரண்டு இட்லி சாம்பார், வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சோதித்து எழுதினேன். அடுத்த இரண்டு வாரம் பாகற்சாறு. அப்புறம் இரண்டு வாரம் சாறு இல்லாமல். அப்புறம் வெந்தயம். அப்புறம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் புளோக்கைச் சுற்றி 20 நிமிடம் நடை.

என் உடம்பில் பாகற்சாறு எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை. வெந்தயம் கொஞ்சம். நடை மட்டும் நோட்டைத் திறந்தாலே தெரியும், அந்தப் பக்கத்தில் எண்கள் எல்லாம் ஒன்றரை வரை குறைவு. இன்னொருவருக்கு வேறு மாதிரி வரலாம், அதனால் என் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம், நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு அது 8.4இலிருந்து 6.9க்கு வந்திருக்கிறது. கிளிப்பிசைட்டை மருத்துவர் பாதியாகக் குறைத்தார், நானாகக் குறைக்கவில்லை. விரதம் இருப்பதானால் இரண்டு வாரம் முன்னதாகவே போய்ச் சொல்கிறேன், அந்த நாட்களுக்கு வேறு அளவு எழுதித் தருகிறார்கள். அடுத்த ஆண்டே பால்குடம் எடுத்து முடித்தேன்.

சிலர் மருந்தளவில் மூலிகைப் பக்கமே போகக் கூடாது: கர்ப்பிணிகள், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள். இங்கே பிறந்த குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடைந்துபோகும் பிறவிக் குறை) உண்டா என்று பிறந்ததுமே பார்த்துவிடுகிறார்கள். அந்தக் குறைபாடு உள்ளவர்கள் பாகல் விதையைத் தவிர்ப்பது நல்லது.

சிறுகுறிஞ்சான் இப்போதும் வாசலில்தான் இருக்கிறது. பொடியாக இல்லை. கோப்பிக்கடைக்குக் கிளம்பும்போது ஒரு இலை பறித்து வாயில் போட்டுக்கொள்வேன். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் குவே லாப்பிஸ் என்ற இனிப்புப் பலகாரம் அடுக்கடுக்காக, ரோஸும் வெள்ளையுமாக இருக்கும். இலை மென்ற நாக்குக்கு அது வெறும் ரப்பர், வாங்கத் தோன்றுவதே இல்லை. பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங் ஒன்று குடித்துவிட்டு வந்துவிடுவேன். இதையும் மருத்துவரிடம் சொன்னேன். அவர் என் பதிவில் தட்டெழுதிக்கொண்டார்.

போன வாரம் மாக்சிக் ஒரு குப்பியோடு வந்தார். அவர் மகள் இணையத்தில் வாங்கியதாம், ஹெம்பெடு பூமி, நம் நிலவேம்புதான். கூடவே வேறு ஏழு செடிப் பெயர்கள். இருவரும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சமையலறை விளக்கடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எந்தச் செடி எவ்வளவு என்று இல்லை, தொகுதி எண் இல்லை, இறக்குமதி செய்தவர் முகவரி இல்லை. மாக்சிக்கும் கிளிப்பிசைட்காரர். அவருக்கு வியாழக்கிழமை மருந்தகத்தில் முறை. குப்பியைத் திறக்காமலே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சந்திப்பு அட்டையோடு சேர்த்துக் கட்டி, அவர் வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வந்தேன்.